கண்ணாடிக்குள் சிலுப்பிய கடா

எனக்கு எழுத வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் பாதிரியம்மா ஒருவர் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் நான். அதுவும் சாமை அறுப்பு வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது, கேழ்வரகு அறுப்பு வந்தால் கிடையாது. ஆகவே பாதி எழுத்துதான் உள்ளே போயிருக்கும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். மறதி வேறு. நேற்று மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டே அதை வீடு முழுக்கத் தேடினேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காகிதம் என்றால் பரவாயில்லை, அது என் முகத்தைப் பார்க்காது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாசம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என் மகனுக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேசன் செய்தார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு வாசம் வந்தது. ஸ்பிரிட்டும் ரப்பரும் கலந்த வாசம். அதற்கு அடியில் இன்னொன்று. பித்தளைச் சொம்பை நக்கினால் நாக்கில் நிற்குமே, அது மாதிரி. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியை மறப்பேன், சூடான ரத்தத்தின் வாசத்தை மறக்க மாட்டேன்.

எல்லாம் முடிந்து ஒரு சின்ன வயசு டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நல்லபடியா முடிஞ்சதும்மா. உங்க மகனோட இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சுட்டுத்தான் வேலை பார்த்தோம். அதுவரைக்கும் ஒரு மெஷின் ரத்தத்தைச் சுத்தி விட்டுச்சு. கூடக் குறைய ஆனா அதுவே பார்த்துக்கும். பயப்படாதீங்க" என்றார்.

நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து நர்ஸைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் பயப்படவில்லை. 'அதுவே பார்த்துக்கும்' என்ற அந்தப் பேச்சை நான் முன்பே ஒருதரம் கேட்டிருக்கிறேன். இதே மகன் அப்போது என் வயிற்றில் இருந்தான். நான் அந்த டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள்.

எங்கள் ஊர் கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில் ஒரு சின்னக் குடியிருப்பு. இப்போது வளைந்து வளைந்து பஸ் ஏறுகிறது. அப்போது கால்தான் பஸ். வெள்ளைக்காரன் ஆட்சி. எங்கோ யுத்தம் நடக்கிறது என்று சந்தைக்குக் கீழே போய் வந்தவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு யுத்தம் என்றால் மண்ணெண்ணெய் கிடைக்காது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஊருக்கு மேலே காப்பித் தோட்டக்காரர் யாரோ விட்டுவிட்டுப் போன பங்களா ஒன்று இருந்தது. அதில்தான் தொரை வந்து குடியேறினார்.

தொரை என்றால் வெள்ளைக்காரர் என்று நினைக்காதீர்கள். எங்களைவிடக் கறுப்பு. காவிரிக் கரைத் தமிழ். சீமையில் டாக்டருக்குப் படித்தவராம். அரைக்கால் சட்டையும் தொப்பியும் போட்டிருந்ததால் எங்களுக்குத் தொரை. "நான் தொரை இல்லைம்மா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "சரிங்க தொரை" என்றேன்.

அவருடைய சாமான்களை எங்கள் ஆட்கள்தான் தலையில் சுமந்து ஏற்றினார்கள். பெரிய பெரிய பெட்டியாக வைக்கோலுக்குள் கண்ணாடிக் குழாய். அவற்றோடு ஒரு சின்ன ஜாடி வந்தது. ஊறுகாய் ஜாடி அளவுதான். சுமை லேசு என்று அதைத் தூக்க ஆளுக்கு ஆள் முந்தினார்கள். என் வீட்டுக்காரர்தான் ஜெயித்துத் தூக்கினார், தூக்கின வேகத்தில் முன்னால் குப்புற விழப் பார்த்தார். உள்ளே பாதரசம். மலை ஏறி முடிக்கும் வரை மற்றவர்கள், "ஏனப்பா, ஊறுகா கனமா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்களாம். அவருக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் சுமையோடு எப்படி அடிப்பது?

எனக்குப் பங்களாவில் வேலை கிடைத்தது நம்பர் படிக்கத் தெரிந்ததால். கண்ணாடி அளவுச் சொம்பில் கோடு கோடாக நம்பர் இருக்கும், எந்தக் கோடு வரை என்று சொன்னால் அந்தக் கோடு வரை ஊற்றுவேன். ஆனால் என் முதல் வேலை அது இல்லை. ரத்தம் கடைவது.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆட்டு ரத்தத்தைப் பாத்திரத்தில் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஈரல் மாதிரி உறைந்துவிடும், உங்களுக்கே தெரியும். உறைந்தால் அது குழாயில் ஓடாது. அதனால் பிடித்த சூட்டோடு மத்துப் போட்டுக் கடைய வேண்டும். கடையக் கடைய வெள்ளை நாராகத் திரண்டு மத்தில் சுற்றிக்கொள்ளும். அந்த நாரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மல்துணியில் வடிகட்டினால், அப்புறம் ரத்தம் எத்தனை நேரமானாலும் தண்ணீராகவே இருக்கும். நகக்கண்ணில் ஏறின சிவப்பு எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எங்கள் அத்தை, அதாவது மாமியார், ஒரு வாரம் என் கையால் களி வாங்கித் தின்னவில்லை. அப்புறம் பசி ஜெயித்தது.

என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை. ஆடு பிடித்து வருவது, காலைப் பிடிப்பது. தொரை ஆட்டின் மூக்கில் துணியை வைத்து மருந்தைச் சொட்டுவார். ஆடு உதைக்கும், முட்டும், இழுக்கும். என் வீட்டுக்காரர் முழங்காலால் அதன் விலாவை அழுத்தியிருப்பார். அப்புறம் கண் திறந்தபடியே தூங்கிவிடும். கழுத்தைக் கீறிக் குழாயைச் செருகினால் ரத்தம் சீறிக்கொண்டு வந்து பாத்திரத்தில் விழும். அந்தச் சத்தம், அடுப்பில் பால் பொங்கும்போது கேட்கிற சத்தம் மாதிரியே இருக்கும். அதனால் நான் பால் காய்ச்சும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், பொங்க விட மாட்டேன். வீட்டில் எல்லாரும் நான் சிக்கனக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் சாமிக்கு ஆடு வெட்டுவது வேறு மாதிரி. ஆட்டை நிறுத்தித் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, "சம்மதமா?" என்று கேட்போம். ஆடு உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் அதற்குச் சம்மதம், சாமிக்கும் சம்மதம். சிலுப்பாவிட்டால் கத்தியை ஓங்கக் கூடாது. அரை நாள் ஆனாலும் நிற்போம். தூங்குகிற ஆடு எப்படிச் சிலுப்பும்? அதனால் பங்களா ஆட்டுக் கறியை எங்கள் ஊரில் யாரும் தொடவில்லை. கம்பவுண்டர் கீழே தன் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிடுவார். "அந்தக் கறி தின்னவங்கல்லாம் பந்தியிலயே சாஞ்சு தூங்கிட்டாங்களாமா" என்று அத்தை போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கம்பவுண்டர் யார் என்று சொல்லவில்லையே. தொரைக்கு உதவியாக ராசிபுரத்துப் பக்கமிருந்து வந்த மனுசன். வெள்ளைச் சட்டை. எங்களைக் கண்டால் ஆகாது. "மலையாளுங்களுக்கு எதச் சொன்னாலும் ரெண்டு வாட்டி சொல்லணும்" என்பார். நாங்களும் அவர் ஒருதரம் சொன்னால் அசைய மாட்டோம். ரெண்டாம் தரம் சொல்லட்டும் என்று இருப்போம்.

இனி அந்த மிஷினைச் சொல்கிறேன். மேலே ஒரு கண்ணாடி ஜாடி, கீழே ஒரு கண்ணாடித் தொட்டி. நடுவில் ஆட்டின் இதயம். உடம்பிலிருந்து அறுத்தெடுத்தது, தனியாகக் கண்ணாடிப் புனலுக்குள் தொங்கும். தொங்கிக்கொண்டு அடிக்கும்! முதல் தடவை பார்த்தபோது நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மேல் ஜாடியிலிருந்து ரத்தம் அதற்குள் இறங்கும். அது பிழிந்து கீழே துப்பும். கீழே சேர்ந்ததை ஒரு பம்பு மறுபடியும் மேலே ஏற்றும். அந்தப் பம்பை ஓட்டியது, வெளியே வாய்க்கால் தண்ணீரில் சுற்றுகிற மரச் சக்கரம்.

மேல் ஜாடியில் ஒரு தக்கை மிதக்கும். ரத்தம் குறைந்தால் தக்கை இறங்கும், அதோடு ஒரு கம்பி இறங்கிப் பாதரசத்தைத் தொடும். தொட்டதும் பேட்டரியிலிருந்து கரண்டு ஓடி, வெளியே வாய்க்கால் பலகை 'டக்'கென்று தூக்கும். தண்ணீர் கூடுதலாகப் பாயும், சக்கரம் வேகமாகும், பம்பு ரத்தத்தை மேலே தள்ளும். ஜாடி நிறைந்தால் பலகை விழுந்து எல்லாம் மெதுவாகும். ஒருவரும் தொட வேண்டாம். நாங்கள் சோறு தின்னப் போனாலும் அது பாட்டுக்கு 'டக் டக்' என்று நடக்கும். "நீ கிட்டப் போகாதேம்மா, அதுவே பார்த்துக்கும்" என்பார் தொரை.

வெட்கத்தை விட்டு ஒருநாள் கேட்டேன். "இத எதுக்குங்க தொரை இப்படி அடிக்க வெக்கறீங்க?"

"மனுசனுக்கு நெஞ்சு கெட்டுப் போனா அதைத் திறந்து தைக்கணும். தைக்கிற வரைக்கும் ரத்தத்தை யார் ஓட்டுறது? அதுக்குத்தான்" என்றார்.

நான் ஊரில் போய் இதைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நெஞ்சைத் திறந்தால் ஆள் செத்துவிட மாட்டானா, செத்தவனுக்குத் தையல் எதற்கு என்று கேட்டார்கள்.

அப்போது எனக்கு ஆறாம் மாசம். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று பிறந்தே செத்தது, ஒன்று பிறந்து கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் செத்தது. மூன்றாவது தரித்ததும் என் வீட்டுக்காரர் எங்கள் காட்டுச் சாமிக்கு ஒரு கடா நேர்ந்து விட்டார். காதில் ஒரு வெட்டுக் கொடுத்து, கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டார். பிள்ளை பிறந்து தொட்டிலில் போட்டதும் அதைச் சாமிக்குக் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் அது உயிரோடு திரிய வேண்டும். கடாவுக்கு ஒன்று ஆனால் பிள்ளைக்கு ஆகும். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நேர்ந்து விட்ட கடாவுக்கு யாரும் கயிறு போட மாட்டார்கள், யாரும் விரட்ட மாட்டார்கள். அது பூசாரி வீட்டுத் தினையையே மேய்ந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, "தின்னு சாமி, தின்னு. உன்ற காலம் வரட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அது தினமும் பங்களாவுக்கு வரும். குழாய் கழுவ நாங்கள் கலக்கி வைத்திருக்கும் உப்புத் தண்ணீரை நக்கும். நான் ரத்தம் கடையும்போது பக்கத்தில் வந்து நின்று என் வயிற்றை முகர்ந்து பார்க்கும். நான் அதோடு பேசுவேன். மனுசரோடு பேசத்தான் கூச்சம்.

அந்த நாளில் என் வீட்டுக்காரர் கண்ணாடிக் குழாயும் புது ஆடும் கொண்டுவரக் கீழே போயிருந்தார். வரும் நேரம் தாண்டிவிட்டது. மிஷினில் இருந்த இதயம் காலையிலேயே நின்றுவிட்டது. தொரை உள்ளுக்கும் வெளியிலும் நடந்தார். "ஆடு எங்கே, ஆடு எங்கே?" என்று கம்பவுண்டரிடம் கத்தினார். நான் ஓடையில் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கம்பவுண்டர் ஒரு பாத்திரம் சூடான ரத்தத்தை என் முன்னால் வைத்து, "கடை, கடை, சீக்கிரம்" என்றார்.

ஆடு வந்துவிட்டது போலிருக்கிறது, என் வீட்டுக்காரரும் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே கடைந்தேன். நார் திரண்டது. வடிகட்டி உள்ளே கொண்டுபோனேன். மிஷினில் புது இதயம் ஏற்றியாயிற்று, முந்தின ரத்தத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் சாக்கின் மேல் தலை கிடந்தது. காதில் வெட்டு.

பாத்திரத்தை எங்கே வைத்தேன், வைத்தேனா போட்டேனா என்று நினைவில்லை. முழங்கை வரை ரத்தத்தோடு ஊருக்கு ஓடினேன். சேலையெல்லாம் ரத்தம். அத்தை வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தை எறிந்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டார். "அய்யோ போச்சா! இதுவும் போச்சா என்ற சாமி!" ஊர்ப் பொம்பளைகள் எல்லாம் ஓடி வந்து என்னைப் பிடித்துப் படுக்க வைக்கப் பார்த்தார்கள். எனக்கோ நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் மலையேறி வந்த என் வீட்டுக்காரர் சுமையைக் கல்லின் மேல் இறக்கிக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்தார். முகம் சாம்பலாகப் போனது.

"ஏனுங்க... கடா..." என்றேன்.

"எந்தக் கடா?"

"நம்ம கடாதானுங்க. மிஷின்ல இருக்குதுங்க."

அவர் கீழேயிருந்து அத்தனை தூரம் சுமந்து வந்த கண்ணாடிக் குழாய்ப் பெட்டியை ஒரே உதை உதைத்தார். அது உருண்டு பாறையில் மோதிச் சிதறியது. பிறகு செருகியிருந்த கொடுவாளை உருவிக்கொண்டு பங்களாவுக்கு நடந்தார். ஓடவில்லை, நடந்தார். பின்னால் ஊரே போனது.

கம்பவுண்டர் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். என் கொழுந்தன் அவரைச் சட்டையோடு தூக்கிச் சுவரில் அடித்தார்.

"கயித்துல இல்லாத ஆடுய்யா! யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"காதப் பாத்தியாடா?"

"அது ஏதோ முள்ளு கிழிச்ச காயம்னு..."

"முள்ளா? இரு, உனக்கும் முள்ளு கிழிக்குது." கொழுந்தன் அவர் தலைமயிரைப் பிடித்து வளைத்து, காதில் அதே மாதிரி ஒரு வெட்டுக் கொடுத்தார். மற்றவர்கள் உதைத்தார்கள். வெள்ளைச் சட்டை ஒரு நொடியில் சிவந்தது. "எதச் சொன்னாலும் ரெண்டு வாட்டி சொல்லணுமாமா, இந்தா ரெண்டாம் வாட்டி" என்று ஒரு குரல். பல் ஒன்று தெறித்து என் கால் பக்கத்தில் விழுந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே தொரை மிஷினுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "தப்பு நடந்துபோச்சு. வேற ஆடு தரேன், பத்து ஆடு தரேன். இதைத் தொடாதீங்க. இப்பதான் நல்லா அடிக்குது" என்று கெஞ்சினார்.

நல்லா அடிக்குது என்ற சொல்தான் வினை. எல்லாரும் அந்தப் புனலைப் பார்த்தார்கள். தலை அங்கே கிடக்கிறது, உடம்பு பின்கட்டில் கிடக்கிறது, நெஞ்சு மட்டும் கண்ணாடிக்குள் அடிக்கிறது. ஓங்கிய கைகள் ஓங்கியபடியே நின்றன. இது செத்த கடாவா, உயிரோடு இருக்கிற கடாவா? செத்ததென்றால் என் வயிற்றுப் பிள்ளை போயிற்று. உயிரோடு இருக்கிறதென்றால்?

பூசாரி முன்னால் வந்தார். வெகு நேரம் குனிந்து பார்த்தார். பிறகு, "இன்னும் உசிரு போவல. கேக்கலாம்" என்றார்.

"என்ன கேக்கப் போறீங்க?" என்றார் தொரை.

"சம்மதமான்னுதானுங்க. நாளைக்கு வாங்கிக்கறத இன்னைக்கே வாங்கிக்கிறியான்னு சாமிகிட்டயும் கேக்கோணும்."

ஒரு சொம்பு வாய்க்கால் தண்ணீர் வந்தது. எங்கள் ஓடைத் தண்ணீர் மார்கழியில் விரலை மரத்துப்போகச் செய்யும். அதில் மஞ்சளைக் கரைத்தார்கள். தொரைக்கு அப்போதுதான் புரிந்தது. "பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க! அது சூட்டுல இருக்கு! ஐயோ ஊத்தாதீங்க!" என்று அலறினார். நாலு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தை என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் உடைந்து உள்ளே ஏறியது. பூசாரி ஊற்றினார்.

முதலில் ஒன்றும் இல்லை. ஒரு அடி அடித்தது. இன்னொன்று அடித்தது. பிறகு அடிப்பது நின்று, அந்த இதயம் முழுவதும் நடுங்கியது. எப்படிச் சொல்வது, தோலுக்கடியில் புழுக்கூட்டம் நெளிகிற மாதிரி, நனைந்த ஆடு முதுகைச் சிலுப்புகிற மாதிரி, மேலும் கீழும் எல்லாப் பக்கமும் சிலுப்பியது.

"சிலுப்பிருச்சு!" என்று அத்தை கத்தினார். பொம்பளைகள் குலவை போட்டார்கள். அந்தக் குலவைக்கு நடுவில் தொரை பிடியை உதறிக்கொண்டு பாய்ந்தார். அவருக்கு அது சாவு. இதயத்தைக் கையில் பிடித்துப் பிசைந்து மறுபடி அடிக்க வைக்க அவர் கையைப் புனலுக்குள் விட்டார். என் வீட்டுக்காரருக்கு அது சம்மதம். சிலுப்பின பிறகு தாமதிக்கக் கூடாது. கொடுவாள் இறங்கியது.

கண்ணாடி வெடித்தது. தொரையின் இரண்டு விரல் போயிற்று. மேல் குழாய் அறுந்து தொங்கியது, ஜாடி காலியாகத் தொடங்கியது. ஜாடி காலியானால் என்ன ஆகும்? தக்கை இறங்கியது. வெளியே பலகை 'டக்'கென்று தூக்கியது. சக்கரம் வெறி பிடித்துச் சுற்றியது. கீழ்த் தொட்டியில் நான் கடைந்த ரத்தம் முழுவதையும் பம்பு வாரி வாரி அறுந்த குழாய் வழியாக வீசியடித்தது. கூரையில், சுவரில், பூசாரி முகத்தில், குலவை போட்ட வாய்களில். ஒருவரும் அதைத் தொடவில்லை. அதுவே பார்த்துக்கொண்டது.

சாமி வந்துவிட்டது என்று ஊர் விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. ஒருவரை ஒருவர் மிதித்தார்கள். வாசற்படியில் ஒரு கிழவருக்கு விலா ஒடிந்தது. தொரை கையைக் கக்கத்தில் அழுத்திக்கொண்டு, "தண்ணியை நிறுத்துங்க, தண்ணியை நிறுத்துங்க" என்று முனகினார். நான் வெளியே போய் வாய்க்காலில் ஒரு மண்கட்டியைப் பெயர்த்துப் போட்டு மடையை அடைத்தேன். வயலில் செய்வதுதானே. சக்கரம் நின்றது. திடீரென்று அத்தனை அமைதி. திரும்பி உள்ளே போய், சேலைத் தலைப்பைக் கிழித்துத் தொரையின் கையைக் கட்டினேன். தரையில் எது ஆட்டு ரத்தம், எது அவர் ரத்தம் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. கடையாத ரத்தம் மட்டும் உறைந்தது.

பாதரசம் தரை முழுக்க மணி மணியாக உருண்டு கிடந்தது. அதில் நான் கையை ஊன்றியிருக்கிறேன் போலிருக்கிறது, அந்தக் கையாலேயே மாரில் அடித்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். சாயங்காலம் குளிக்கும்போது பார்த்தால் என் தாலியின் தங்கப் பொட்டு வெள்ளையாகப் போயிருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டுச் சேலையை இழுத்து மூடிவிட்டார். ரெண்டு பேருக்கும் ஒரே பயம்.

தொரையைக் கீழே கொண்டுபோக வேண்டுமே. மலையில் வேறு வழி என்ன? கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து எங்கள் ஆட்கள்தான் தூக்கினார்கள். கட்டிலின் முன்கால் ஒன்றை என் வீட்டுக்காரரே தூக்கினார். இறங்குகிற வழியில் தொரை அவரிடம் சொன்னாராம்.

"அது சம்மதம் இல்லய்யா. குளிர். குளிர்ந்த தண்ணி பட்டா நடுங்கும்."

"எல்லா ஆட்டுக்கும் அதே தண்ணிதானுங்க ஊத்தறோம். சில ஆடு சிலுப்பறதே இல்லீங்களே?"

தொரை கொஞ்ச தூரம் போனதும் சிரித்தாராம், அப்புறம் வாந்தி எடுத்தாராம். கம்பவுண்டர் காதைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே ஓடிப் போயிருந்தார். அடிவாரத்தில் போலீஸ் காத்திருந்தது. கட்டிலை இறக்கி வைக்கக்கூட விடவில்லை. தோளில் சுமையோடு நின்ற என் வீட்டுக்காரரை முழங்காலுக்குப் பின்னால் அடித்தார்கள். மறுவாரம் மேலே ஏறி வந்தார்கள். ஆம்பளைகளை மரத்தில் கட்டி வைத்து விளாசினார்கள், பானைகளை உடைத்தார்கள், காய வைத்திருந்த சாமையைப் பூட்ஸ் காலால் மண்ணோடு மிதித்தார்கள். கொழுந்தன் காட்டுக்குள் போய்விட்டார். பூசாரிக்கு அதற்குப் பிறகு ஒரு காது கேட்காது.

என் வீட்டுக்காரர் சேலம் ஜெயிலில் இருந்தபோது மகன் பிறந்தான். கத்திக்கொண்டு பிறந்தான். வெள்ளைப் பொட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நான் அவனை மடியில் வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன். தங்கினான். அவர் திரும்பி வந்தபோது அவன் நடக்கத் தொடங்கியிருந்தான். அவருடைய வலது கை விரல்கள் மடங்கியது மடங்கியபடி, நிமிரவில்லை. கொடுவாள் பிடிக்க முடியாது. ராசிபுரத்து ஆசாரி பொட்டை நெருப்பில் காட்டினார், மறுபடி மஞ்சளாயிற்று. "பாதரசம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். அத்தனை மாசம் நாங்கள் பட்டதற்கு ஒண்ணுமில்லையாம்.

ஆனாலும் என் வீட்டுக்காரருக்கு மனசு ஆறவில்லை. தொரை சொன்னது உள்ளே போய்விட்டது. சாமி வாங்கிக்கொண்டதா, குளிர் வாங்கிக்கொண்டதா? இன்னொரு கடாவைக் கொண்டுபோய் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். அது பொழுது சாயும் வரை சிலுப்பாமல் கல் மாதிரி நின்றது. "போதும்னு சொல்லுது சாமி" என்றார் பூசாரி. கொழுந்தன், "அந்தக் கடன் தீரல, அதனாலதான் இத வாங்கல" என்றார். இரண்டு பேருமே இப்போது இல்லை. என் வீட்டுக்காரரும் இல்லை. சாகிற வரை மகனுக்குத் தலைவலி என்றாலும் காட்டைப் பார்த்துக் கும்பிடுவார்.

இனி ஆஸ்பத்திரியில் நான் கேட்டதைச் சொல்கிறேன். "நிறுத்தறதுக்கு முன்னால தண்ணி ஊத்துனீங்களா தம்பி?"

டாக்டர் என்னை உற்றுப் பார்த்தார். "ஆமாம்மா, உள்ள மருந்து போகும், மேல ஐஸ் தண்ணி ஊத்துவோம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊத்துனதும் சிலுப்புச்சுங்களா?"

"சிலுப்பறதுன்னா... நடுங்கும்மா. கொஞ்சம் நடுங்கிட்டு அப்புறம் நிக்கும்" என்று விரல்களை ஆட்டிக் காட்டினார். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவரும் போய்விட்டார்.

பங்களா இப்போது இல்லை. கல்லைப் பெயர்த்து ஆளாளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரொம்ப காலம் தரை வெடிப்பில் பாதரச மணி இருந்தது, பிள்ளைகள் கோழி இறகால் எடுத்து விளையாடுவார்கள். அந்தத் தரையும் மிளகுக் கொடிக்கு அடியில் போயிற்று. வாய்க்கால் தூர்ந்துவிட்டது. தொரையின் பேர் எனக்கு அப்போதே தெரியாது. விரல் போன பிறகு அவர் எந்த ஊரில் இருந்தார், அந்த மிஷினை மறுபடி கட்டினாரா, ஒன்றும் தெரியாது.

நான் எழுதியதில் மாசமும் வரிசையும் முன்பின்னாக இருக்கலாம். தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். முக்கியமாக ஒன்றை மட்டும் டாக்டருக்குப் படித்த யாரையாவது விசாரித்து எனக்குச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றினால் எல்லா இதயமும் நடுங்குமா, இல்லை, சிலது நடுங்காமலும் நிற்குமா? மகனை அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு கடா வாங்கி வைத்திருக்கிறேன். காதை இன்னும் வெட்டவில்லை. கயிறு போட்டுத்தான் கட்டியிருக்கிறேன்.